அயர்லாந்தில் ஒரு தாய்மாமன்

டப்ளினில் நாங்கள் ஏறவேண்டிய முதல் பஸ் எங்களை ஏற்றாமலேயே போய்விட்டது. நிறுத்தத்தில் நானும் என் மனைவி கோமதியும் மட்டும்தான் நின்றோம். கோவில்பட்டியாக இருந்தால் ஒரு கையில் பையைத் தூக்கிக்கொண்டு மறு கையை நீட்டியபடி நடுரோட்டுக்கே போயிருப்பேன். வெளிநாட்டில் அப்படிச் செய்வது நாகரிகம் இல்லை என்று நானாகவே முடிவுசெய்து, பதிவு அலுவலகத்தில் பத்திரம் பார்க்கிற முகத்தோடு விறைப்பாக நின்றேன். டிரைவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

"கையக் காட்டினா கை தேஞ்சா போகும்? இப்ப பாருங்க, சிரிச்சிக்கிட்டே போறான்" என்றாள் கோமதி.

நாயோடு நடந்துவந்த ஒரு மூதாட்டி நின்று, இங்கே கை காட்டாவிட்டால் பஸ் நிற்காது என்று விளக்கினார். "நீங்கள் பஸ்ஸை ரசித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நினைத்திருப்பார்" என்றார். கோமதி அவருக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தாள். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு கைகளையும் காட்டினேன். பஸ்ஸும் நின்றது. அதன் பின்னால் வந்த டாக்ஸியும் நின்றது.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஊர் பார்க்க அல்ல. அந்த நாட்டு அரசாங்கத்தின் ஆவணக் காப்பகத்தில் பழைய உயில்களைத் தேடிப் பார்க்க. அதன் வாசலில் எங்கள் மருமகள் நோரா காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். நாங்கள் வந்து இறங்கியதிலிருந்து அவள் என்னோடு பேசிய மிக நீளமான வாக்கியமே அதுதான்.

அதற்குக் காரணம் நான்தான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவன். பிறந்தது பசுவந்தனை, வீடு கட்டியது கோவில்பட்டியில். என் மகன் கார்த்தி டப்ளினுக்கு வேலைக்குப் போனான். அங்கே குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற நோராவை விரும்பினான். ஒருநாள் செல்போன் திரையில் அவளை எங்களுக்குக் காட்டினான். நான் கேட்ட முதல் கேள்வி, "உன் தாத்தா பெயர் என்ன?" அவளுக்குத் தெரியவில்லை. அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார், அம்மாதான் வளர்த்தார், அந்த அம்மாவும் இப்போது இல்லை. இதையெல்லாம் அவள் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். அவளுக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்: "மூலப்பத்திரம் இல்லாத சொத்தை நான் பதிவதில்லை."

கல்யாணத்துக்கு நான் போகவில்லை, கோமதியையும் விடவில்லை. நோராவும் எங்கள் ஊருக்கு வரவில்லை. பேத்தி மீரா பிறந்து, பேச ஆரம்பித்து, திரையில் எங்களுக்குப் பாட்டுப் பாடிக் காட்டினாள். அவளுடைய அம்மா மட்டும் திரைக்கு வெளியே நடமாடும் ஒரு சத்தமாகவே இருந்தாள்.

போன வருடம் மீராவுக்குக் கம்மல் ஆசை வந்தது. தானாகவே கேட்டாள். எங்கள் வழக்கப்படி குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தவேண்டும்; பிள்ளை தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும். கோமதி ஆசையாகக் கேட்டதற்குக் கார்த்தி தயங்கித் தயங்கிப் பதில் சொன்னான். "நோரா வரமாட்டேங்கா அம்மா. அவ கேக்கா: எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, அப்பா வழியில ஒருத்தரையும் தெரியாது, மாமன் இல்லாம உங்க ஊர்க்காரங்க முன்னால உக்காந்து உங்க அப்பா சொன்னது சரிதான்னு நானே காட்டணுமாங்கா. யாராவது சிநேகிதனை உக்கார வச்சிருவோம்னேன். வாடகை மாமன் வேண்டாம்னுட்டா."

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் நானே கார்த்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மாமனை நான் தேடித் தாரேன்ல. நான் உண்டாக்குன வில்லங்கம், நான்தான் தீர்க்கணும்."

காப்பக வாசலில் நோரா குடையோடு நின்றாள். கோமதியைக் கட்டிக்கொண்டாள். எனக்கு, "வாங்க மாமா" என்றாள். தமிழ் கார்த்தி சொல்லிக்கொடுத்தது. கோவில்பட்டித் தமிழ்தான், கொஞ்சம் நனைந்திருந்தது.

உள்ளே பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். பையைப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும். தின்பண்டம் கூடாது என்றதும் கோமதி கடலை மிட்டாய் பொட்டலத்தை மடியில் ஒளிக்கப் பார்த்தாள். கவுண்டரில் இருந்த பெண்மணி அதைக் கண்டுபிடித்துவிட்டார். கோமதி கொஞ்சமும் கலங்காமல் அவருக்கே ஒன்றை நீட்டினாள். பெண்மணி அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இதை வெளியே போய்த்தான் விசாரிக்க முடியும்" என்றார்.

அவர்தான் விளக்கினார். நூறு வருடத்துக்கு முன்னால் உள்நாட்டுச் சண்டையில் அவர்களுடைய ஆவணக் கட்டடம் எரிந்துபோனதாம். அதுவரை எழுதிய உயில்களில் பெரும்பகுதி சாம்பல். எரிந்த காகிதங்கள் நாள்கணக்கில் நகரத்தின் மேல் மழைபோல விழுந்தனவாம். நான் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். ஒரு ஐப்பசியில் எங்கள் அலுவலகக் கூரை ஒழுகி, பத்திரக் கட்டுகளை ஃபேனுக்கடியில் விரித்துக் காயவைத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தவன் நான். தீ என்றால் எப்படி இருந்திருக்கும்!

"முழுவதும் போகவில்லை" என்றார் அவர். வருடாவருடம் அச்சடித்த உயில் அட்டவணைகள் தப்பித்துவிட்டன. இறந்தவர் பெயர், ஊர், தொழில், இறந்த நாள், உயிலை நிறைவேற்றும் உரிமை யாருக்குக் கொடுக்கப்பட்டது, எல்லாம் அதில் இருக்கும். உயில் எரிந்திருந்தாலும் சில மாவட்டங்களில் நகல் புத்தகம் கிடைக்கும். தீக்குப் பிந்தைய உயில்கள் என்றால் பெரும்பாலும் உயிலே கிடைக்கும். "உங்களுக்கு எந்தக் காலம்?" என்று கேட்டார்.

நோரா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அவளுடைய அப்பாவின் பிறப்புச் சான்று. தாமஸ் டோலன், தகப்பன் பெயர் ஜேம்ஸ் டோலன், விவசாயி, ஊர் குளூன்மோர், ராஸ்காமன் மாவட்டம்.

"இது எப்ப வாங்கினது?" என்றேன்.

"நீங்க கேட்டதுக்கு மறுநாள்" என்றாள். "அதுக்கு மேல தேடப் பிடிக்கலை."

தாத்தா பெயர் ஜேம்ஸ் என்று அவளுக்கு இத்தனை வருடமும் தெரியும். என்னிடம் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

ஜேம்ஸ் டோலன் பேரில் உயில் இல்லை. உயில் எழுதாமல் போகிறவர்கள்தான் எங்கும் அதிகம். ஆனால் என் வேலையில் ஒன்று தெரிந்துகொண்டிருந்தேன். பிள்ளை குட்டி உள்ளவன் உயிலில் ஒன்றும் இருக்காது; எல்லாம் மனைவிக்கு, பிறகு மக்களுக்கு, முடிந்தது. கல்யாணமாகாதவர், பிள்ளை இல்லாதவர் எழுதுகிற உயில்தான் உயில். அண்ணன், தம்பி, அக்காள் மகன், வீட்டுக்குக் கறிகாய் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி என்று ஊரே அதில் வந்து உட்காரும். "ஜேம்ஸை விடு. குளூன்மோர்ல கல்யாணமாகாத டோலன் யாராவது செத்திருக்கானான்னு பார்ப்போம்" என்றேன்.

நோரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "மாமா, இதை மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றாள். பக்கத்து மேசைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அவள்தான் கண்டுபிடித்தாள். பேட்ரிக் டோலன், குளூன்மோர், விவசாயி. உரிமை வழங்கப்பட்டது மைக்கேல் டோலனுக்கு, அவரும் விவசாயி. உயில் வேறொரு கிடங்கில் இருப்பதால் வந்துசேரச் சில நாள் ஆகும் என்றார்கள்.

அந்தச் சில நாளும் மழை. அதை மழை என்று சொல்வதா என்பதில் எனக்கும் கோமதிக்கும் தகராறு. எங்கள் பக்கம் மழை என்றால் வானம் இடிந்து, கரிசல் குழைந்து, செருப்பு இரண்டும் மண்ணுக்குள் போய், ஆள் வெறுங்காலோடு வீடு வந்து சேரவேண்டும். இங்கே யாரோ மேலே நின்று ஈரத்துணியை உதறுவதுபோல இருந்தது. காலையும் உதறினார்கள், மாலையும் உதறினார்கள். "இதுல கால்வாசிய ஐப்பசியில நம்ம பக்கம் அனுப்பினா உளுந்து எப்படி வரும்!" என்று கோமதி ஜன்னலில் நின்று பெருமூச்சு விட்டாள்.

சாப்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர்களுடைய டீ நம்முடைய டீதான். கறுக்கக் காய்ச்சி, பால் ஊற்றி, எதற்கெடுத்தாலும் போடுகிறார்கள். துக்கம் என்றாலும் டீ, சந்தோஷம் என்றாலும் டீ. கோதுமைத் தவிட்டோடு சுட்ட ஒரு பழுப்பு ரொட்டி உண்டு. அதில் வெண்ணெய் தடவி, மேலே நாங்கள் கொண்டுபோன பருப்புப் பொடியைத் தூவினால், அடுத்த துண்டுக்குக் கை தானாகப் போகும். மீரா அதற்கு "தாத்தா பிரெட்" என்று பெயர் வைத்தாள்.

ஒருநாள் நோரா எங்களை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனாள். மார்பளவு தண்ணீரில் நின்று பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை அதட்டி, மிரட்டி, கொஞ்சிக்கொண்டிருந்தாள். வாரம் ஒருதரம் வருகிற குடிதண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்த வீட்டில் வளர்ந்த கோமதி, "இவ்வளவு தண்ணிய வச்சிக்கிட்டு இதுக்குள்ள விளையாடுதாங்களே!" என்று கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு வேறு நினைப்பு. இந்தப் பெண்ணை நான் ஒரு சொத்து என்று சொன்னேன்.

உயில் வந்த அன்று கோமதி வரவில்லை. நானும் நோராவும் மட்டும் போனோம். உறைக்குள் இரண்டே தாள். பழக்கதோஷத்தில் நான் முதலில் சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தேன், பிறகு நிலத்தின் விவரம். எல்லாம் ஒழுங்கு. நோராவின் விரல் நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

"வீடும் நிலமும் மைக்கேலுக்கு. என் தம்பி ஜேம்ஸின் மகன் தாமஸ் இங்கிலாந்தில் எங்கோ இருக்கிறான். அவனோ அவன் வழி வருகிறவர்களோ எப்போது திரும்பி வந்தாலும், அவர்களுக்கு வீட்டின் மேற்கு அறையும், அடுப்பருகே ஓர் இடமும் உண்டு. அதை யாரும் மறுக்கக் கூடாது."

நோரா திரும்பத் திரும்பப் படித்தாள். "எங்க அப்பா கடைசிவரை ஊருக்குப் போகலை" என்றாள். "போயிருந்தா இடம் இருந்திருக்கு. எனக்கும் இருந்திருக்கு."

அதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று எனக்குப் பட்டது. "நோரா, அன்னைக்கு எனக்கு உன் தாத்தா பெயர் தேவைப்படலை. உன்னை வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் தேவைப்பட்டது. நீ பதில் சொல்லியிருந்தா அதுக்கும் மேல ஒண்ணு கேட்டிருப்பேன். நான் செஞ்சது தப்பு" என்றேன்.

"தெரியும் மாமா" என்றாள். "நீங்க அதைத் தெரிஞ்சிக்க இவ்வளவு நாளாச்சேன்னுதான் கோபம்."

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "சரி, மாமன் எங்கே?" என்றாள்.

மாமன் மைக்கேல் வீட்டில்தான் இருக்கவேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன். பேட்ரிக்கும் ஜேம்ஸும் அண்ணன் தம்பி. மைக்கேலும் டோலன், ஆகவே இன்னொரு தம்பியின் மகனாக இருப்பான். பங்காளி வீடு. மைக்கேலுக்கு ஒரு மகன் இருந்தால் அவன் நோராவுக்கு அண்ணன் முறை, மீராவுக்குத் தாய்மாமன். நோரா அந்த வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டாள், உயில் வாசகத்தையும் சேர்த்து. அடுத்த வாரம் டெக்லான் என்று ஒருவர் போனில் கூப்பிட்டார். மைக்கேலின் மகன். அவர் சொன்ன முதல் வார்த்தை: "மேற்கு அறையில் இப்போது வாஷிங் மெஷின் நிற்கிறது. உங்களுக்கு வேண்டுமென்றால் எடுத்துவிடுகிறேன்."

கார்த்தி, நோரா, மீரா, நாங்கள் இருவர், எல்லோரும் ரயிலில் போனோம். ரயிலுக்கு வெளியே எல்லாம் பச்சை. கண்ணுக்குக் கொஞ்சம் கறுப்பு கிடைக்காதா என்று ஏங்கும் அளவுக்குப் பச்சை. ஸ்டேஷனுக்கு டெக்லான் ஒரு வேனோடு வந்திருந்தார். பின்னால் இரண்டு கன்றுக்குட்டிகள். சந்தையிலிருந்து நேராக வருவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். வழி முழுக்க ஒரு கன்று கோமதியின் கொண்டையை மோந்துகொண்டே வந்தது. "பூ வச்சிட்டு வந்திருந்தா தின்னிருக்கும்" என்றாள். அவளுக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த பயணம் அதுதான்.

வீட்டுக்குப் பின்னால் போனதும் எனக்கு நெஞ்சு துள்ளியது. கறுப்பு மண்! கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல்! குனிந்து ஒரு பிடி அள்ளினேன். கனமே இல்லை, கையில் நார் நாராகப் பிரிந்தது. டெக்லான் சிரித்து, அதைச் செங்கல்போல வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள் என்றார். உள்ளே அடுப்பில் அது எரிந்துகொண்டும் இருந்தது.

"மண்ணையே எரிச்சிட்டா விதைக்கிறது எதுல?" என்றாள் கோமதி. நோரா மொழிபெயர்த்தாள். டெக்லான் யோசித்து, "அதனால்தான் மாடு வளர்க்கிறோம்" என்றார்.

மதியம் தோலோடு அவித்த உருளைக்கிழங்கு. டெக்லானின் மனைவி ஐலீன் ஒரு மலையையே கொண்டுவந்து வைத்தார். கோமதி தன் மிளகாய்ப் பொடி டப்பாவைத் திறந்தாள். டெக்லான் தொட்டுச் சாப்பிட்டார், முகம் செக்கச் சிவந்தது, ஒரு செம்பு தண்ணீர் குடித்தார், மறுபடி தொட்டார். என் சந்தோஷத்துக்கு அளவில்லை. மீராவைத் தூக்கி அவர் மடியில் உட்காரவைத்தேன். காது குத்து என்றால் என்ன, தாய்மாமன் என்றால் யார் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். "வருகிறேன், கட்டாயம் வருகிறேன்" என்றார் டெக்லான். அப்படியே ஒரு படம் எடுத்து, "மாமன் கிடைத்தாச்சு" என்று பசுவந்தனைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கார்த்தி மூலம் அனுப்பினேன்.

அதற்குப் பிறகுதான் டெக்லான் சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார். "இது என் பாட்டி பிரிஜிட். பேட்ரிக்கின் தங்கை."

"பாட்டியா? அப்போ உங்கள் தாத்தா?"

"அவர் பக்கத்து ஊர் டோலன். இவர்களுக்குச் சொந்தமில்லை. இந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு டோலன் மேல்தான் விழும்."

கோமதி சாப்பாட்டை நிறுத்திவிட்டு விரல்களை மடக்கினாள். எனக்கு மடக்கவேண்டிய அவசியமே இல்லை. பெயர் ஒன்றாக இருந்ததால் பங்காளி என்று நினைத்துவிட்டேன். அண்ணன் வீட்டுப் பேத்தி நோரா. தங்கை வீட்டுப் பேரன் டெக்லான்.

"ஏங்க" என்றாள் கோமதி. "இவிய நோராவுக்கு அண்ணன் இல்ல. முறைமாப்பிள்ளைல்லா! கட்டிக்கிற முறைக்காரன் மடியில பிள்ளைய வச்சிக் காது குத்தினா ஊர் சிரிக்குமே."

அந்த வார்த்தை நோராவுக்குத் தெரிந்திருந்தது. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். என்னைத்தான் பார்த்தாள். "அப்ப இவரும் சரியில்லையா, மாமா?"

பழைய நான் என்றால் ஒரு வினாடியில் தீர்ப்புச் சொல்லியிருப்பேன். முறையும் வழக்கும் எனக்குப் பத்திரம்போல மனப்பாடம். "இவிய மடியே போதும். ஊர் சிரிச்சா சிரிக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று கோமதி என்னை அடக்கினாள். "பிள்ளைக்கு வேண்டியது மாமன். ஊருக்குப் பயந்தும் ஆகாது, ஊரை எதுத்தும் ஆகாது. ஏட்டி நோரா, இந்த ஐலீனுக்குக் கூடப்பொறந்தவன் யாரும் உண்டான்னு கேளு."

ஒரு தம்பி உண்டு. பெயர் ஷான். பக்கத்தில்தான் வீடு, மாடு வைத்திருக்கிறார்.

"அவன்தான் மாமன்" என்றாள் கோமதி.

எல்லோரும் அவளையே பார்த்தோம். அவள் ஓர் உருளைக்கிழங்கை எடுத்து நடுவில் வைத்தாள். "இது டெக்லான். நோராவுக்கு முறைமாப்பிள்ளை. இவனக் கட்டிக்கிற உரிமை நோராவுக்கு. அந்த இடத்துல இப்ப யாரு இருக்கா? ஐலீன். அப்ப ஐலீன் நோராவுக்கு அக்காதான? அக்காளோட தம்பி நோராவுக்கும் தம்பி. தம்பின்னா பிள்ளைக்கு யாரு?"

"மாமன்" என்றேன். முறையில் ஒரு ஓட்டை இல்லை. நான் அட்டவணையும் உயிலும் தோண்டி வந்த தூரத்தை அவள் ஓர் உருளைக்கிழங்கில் முடித்துவிட்டாள்.

"அம்மா, அப்ப நான் யாரு?" என்றான் கார்த்தி.

"நீ ஊடால வந்தவன்ல, பேசாம சாப்பிடு."

நோரா இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை சிரித்து நிறுத்தினாள். ஐலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, "வா தங்கச்சி" என்று நோராவைக் கட்டிக்கொண்டார். டெக்லானுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். மடியிலிருந்து மீராவை இறக்க மனமில்லை.

சாயங்காலம் முட்டளவு ரப்பர் பூட்ஸோடு ஷான் உள்ளே வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வாசல் நிலையில் குனிந்துதான் நுழைந்தார். அவருக்கு ஓர் இந்திய மருமகள் இருப்பதாகவும், இந்தியாவில் அவளுக்குக் காது குத்தும்போது அவர் மடி தேவைப்படுவதாகவும் எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் மீராவைப் பார்த்தார், கோமதியைப் பார்த்தார். "பால் கறக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுமா?" என்று கேட்டார்.

முடியாது என்றோம். மாடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடானது.

மாசி மாதம் அவர்கள் எல்லோரும் வந்தார்கள். கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போதே ஷான் தக்காளி நிறத்தில் இருந்தார். பசுவந்தனைக் கோயிலில் வேட்டி கட்டிவிட்டோம். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் எட்டியது. இடுப்பில் நிற்காது என்று பெல்ட் போட்டுவிட்டான் கார்த்தி. நான் பயந்ததுபோலவே என் பெரியப்பா மகன் முதலிலேயே கேட்டார், "தம்பி, போட்டோவுல வேற ஆள்ல இருந்தாவ? இவிய எந்த வழி மாமன்?" நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி விளக்கினாள். அண்ணாச்சி கண்ணை மூடி ஒருதரம் ஓட்டிப் பார்த்தார். "முறை சரிதான்" என்றார். "ஆளு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா முறை சரிதான்."

ஷான் சீராக ஒரு சோடிக் கம்மல் கொண்டுவந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மீரா அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் ஷான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மீரா அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாத மாமா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றாள், இரண்டு மொழியிலும். குத்தியபோது அவள் ஒரு சத்தம்தான் போட்டாள். அவர் இரண்டு போட்டார்.

காட்டுப்பக்கம் எல்லாம் அறுப்பு முடிந்து கரிசல் வெடித்துக் கிடந்தது. டெக்லான் ஒரு கட்டியை எடுத்து உடைக்கப் பார்த்தார். முடியவில்லை. "இது எரியாது" என்றேன். "எங்கள் பாதத்தைத்தான் எரிக்கும்."

அன்று சாயங்காலம் கோவில்பட்டி வீட்டில் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். கார்த்தியின் கல்யாணத்தை ஒட்டி நான் ஓர் உயில் எழுதி வைத்திருந்தேன். அதில் வீடு கார்த்திக்கு மட்டும், அவன் மனைவிக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று ஒரு வரி உண்டு. அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தேன். பழையதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தவனுக்கு இதையாவது எல்லோர் முன்னாலும் வாசிக்கவேண்டும் என்று இருந்தது. வாசித்தேன். வீடு கார்த்திக்கும் நோராவுக்கும் சமமாக. அதோடு, "என் மருமகள் நோராவுக்கு, யாரோடு வந்தாலும், தனியாக வந்தாலும், இந்த வீட்டின் மாடி அறையும், அடுப்படியில் ஓர் இடமும் உண்டு. அதை யாரும் மறுக்கக் கூடாது."

நோரா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தத் தாளை வாங்கி, சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. கோமதி வாசலில் வந்து நின்றாள்.

"மாடி அறைய யாருக்கு வேணும்னாலும் எழுதுங்க. அடுப்படிய எழுதிக் குடுக்க நீங்க யாரு? அது எனக்குப் பாத்தியப்பட்டது" என்றாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ஏட்டி நோரா, இங்கன வா. வடை கருகுது. அங்கன உக்காந்து பேப்பர் படிச்சா ஆச்சா?"

நோரா தாளை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். ஷானும் வடை வாசனைக்குப் பின்னாலேயே போனார், நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு. நான் பேனாவைத் திறந்து அடுப்படி என்ற வார்த்தையை அடித்தேன்.